நீலம் போனபின் எஞ்சும் இரும்பு

சயனோடைப் படத்தின் நீலத்தைச் சாயம் என்று நினைப்பவர், அதன் நிறத்தை மாற்ற இன்னொரு சாயத்தைத் தேடுவார். பீட்ரூட்டை அரைத்துச் சாறெடுப்பார், மஞ்சளைக் கரைப்பார், செம்பருத்தியைக் கொதிக்க வைப்பார். படத்தை அதில் முக்கி எடுத்தால் தாளின் வெள்ளைப் பகுதி கறைபடும், நீலம் நீலமாகவே நிற்கும். சில நாள் வெளிச்சம் பட்டால் அந்தக் கறையும் வெளுத்துவிடும். அதே வீட்டிலிருந்து சலவைச் சோடாவையும் கடுக்காயையும் எடுத்தவருக்கு நடப்பதே வேறு. நீலம் அடியோடு மறையும். பிறகு அதே கோடுகளும் அதே நிழல்களும் கறுப்பாகத் திரும்பி வரும்.

சயனோடைப் என்பது தாளில் வெயிலால் உருவாகும், இரும்பால் ஆன ஒளிப்படம். அந்த இரும்பு எதனோடு சேர்ந்திருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் நிறம். கூட்டாளியை மாற்றினால் நிறம் மாறும்; இரும்பு இருந்த இடத்திலேயே இருப்பதால் படம் கலையாது. ஒளிப்படக்காரர்கள் ‘டோனிங்’ என்று சொல்வது இந்தக் கூட்டாளி மாற்றத்தைத்தான். பழைய ஸ்டுடியோ படங்கள் பலவற்றின் பழுப்பு நிறத்துக்குப் பின்னாலும் இதே தத்துவம் இருக்கிறது. அங்கே வெள்ளியைக் கந்தகத்தோடு சேர்த்தார்கள். வெள்ளிக்கு வேண்டிய தங்க உப்பும் செலினியமும் விலை கூடியவை. இரும்புக்கு வேண்டியவை மளிகைக் கடையிலும் நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கின்றன.

மலையடி வெயில்

மதுரைக்கு மேற்கே, நாகமலைப் புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது கீழக்குயில்குடி. சமணர் மலை, அதன் அடியில் அய்யனார் கோயில், ஆலமரங்கள், தாமரைக் குளம். மலைமேல் செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த தீர்த்தங்கரர் சிற்பங்கள் இருக்கின்றன. கூடவே வட்டெழுத்துக் கல்வெட்டுகளும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு மதுரையிலிருந்து வருபவர்களுக்கு இந்த இடம் நன்றாகப் பழக்கம்.

இந்த அத்தியாயத்தின் சோதனைகளுக்கு இந்த ஊர் தோதானது. முதல் காரணம் வெயில். சயனோடைப்புக்கு வேண்டியது புற ஊதாக் கதிர். மதுரை வடக்கு அட்சரேகை 9.9 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் இங்கே நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். இரண்டாவது காரணம், இந்தச் சமவெளியின் செடிகள். படத்துக்கு வடிவம் கொடுக்கும் ஆவாரையும் கருவேலும் நிறம் மாற்றும் சரக்கையும் தங்கள் பட்டையிலேயே வைத்திருக்கின்றன. மூன்றாவது காரணம் தண்ணீர். அது உதவி செய்வதைவிடத் தொந்தரவு செய்வதே அதிகம். ஆனால் அந்தத் தொந்தரவுதான் நாம் கற்கவேண்டிய முதல் பாடமாக அமையும்.

நீலப் படம் எடுக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராமை 100 மில்லி தண்ணீரில் கரைத்து ஒரு புட்டியில் வைக்க வேண்டும். பொட்டாசியம் பெர்ரிசயனைடு 10 கிராமை 100 மில்லியில் கரைத்து இன்னொரு புட்டியில். இரண்டும் ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளில் வாங்கக்கூடியவை. முன்னது ரத்தசோகைக்குக் கொடுக்கும் இரும்புச்சத்து டானிக்குகள் சிலவற்றிலும் இருக்கும் உப்புதான். இரண்டையும் சம அளவு கலந்து, மங்கிய வெளிச்சத்தில் தாளில் தடவி, இருட்டில் காய விட வேண்டும். அதன்மேல் ஒரு ஆவாரங்கொத்தை வைத்துக் கண்ணாடியால் அமுக்கி வெயிலில் வைக்கலாம். செட்டிப்புடவின் சிற்பத்தைப் படமெடுத்து, நெகட்டிவாக மாற்றி, ஜெராக்ஸ் கடையில் ஓஎச்பி ஷீட்டில் அச்சிட்டும் வைக்கலாம். நல்ல வெயிலில் 5 முதல் 15 நிமிடத்துக்குள், மஞ்சள் கலந்த பச்சையாக இருந்த பூச்சு சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும். தண்ணீரில் கழுவினால் நீலம் எழும்.

வெயில் செய்யும் வேலை இது. சிட்ரேட்டின் துணையோடு, மூன்று மின்சுமை கொண்ட இரும்பை இரண்டு மின்சுமை கொண்ட இரும்பாகக் குறைக்கிறது. அப்படிக் குறைந்த இரும்பு பெர்ரிசயனைடோடு சேர்ந்தால் பிரஷ்ய நீலம் உண்டாகும். இலை மறைத்த இடத்தில் குறைவதும் இல்லை, நீலமும் இல்லை. அங்கே உப்புகள் தண்ணீரில் கரைந்து போய்விடும்.

1842இல் ஜான் ஹெர்ஷல் இந்த முறையை வெளியிட்டார். அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளைத் தாளில் வைத்து நீலப் படங்களாக்கி நூல் வெளியிடத் தொடங்கினார். ஒளிப்படங்களை விளக்கப் படங்களாகக் கொண்ட முதல் நூல் அதுவே என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். அதன்பின் இந்த முறை கலைஞர்கள் கையைவிட்டுப் பொறியாளர்கள் கைக்குப் போய் ‘ப்ளூபிரிண்ட்’ ஆனது. அம்மோனியா பிரிண்ட் வந்து அதன் இடத்தைப் பிடிக்கும்வரை பொதுப்பணித்துறை, ரயில்வே வரைபடங்களின் நிறம் இந்த நீலம்தான்.

ஏழில் நான்கு

கீழக்குயில்குடியில் கழுவும்போது ஒரு குழப்பம் வரும். வெயிலில் சரியாகத்தான் வைத்திருப்பீர்கள். கழுவக் கழுவ, இலையின் மெல்லிய நரம்புகள் இருந்த இடத்து இளநீலம் கரைந்து காணாமல் போகும். அரை மணி நேரம் தண்ணீரில் விட்டால் படமே சோர்ந்துவிடும். வைகைச் சமவெளியின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் பைகார்பனேட்டுகள் கூடுதல். சோறு வடித்த பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதும் அவற்றின் வேலைதான். அதனால் தண்ணீருக்குக் கொஞ்சம் காரத்தன்மை உண்டு. பிரஷ்ய நீலம் அமிலத்தில் அசையாது, காரத்தில் குலைந்துவிடும். முதல் கழுவலில் ஒரு லிட்டருக்கு அரை எலுமிச்சம்பழம் பிழிந்துவிட்டால் பிரச்சினை தீரும். வினிகரும் அந்த வேலையைச் செய்யும். புளி வேண்டாம், அதன் பழுப்பு தாளில் ஏறிவிடும்.

பிரஷ்ய நீலம் பிறந்ததே காரத்தில் நேர்ந்த கலப்படத்தால்தான். 1706ஐ ஒட்டி பெர்லினில் டீஸ்பாக் என்ற சாயக்காரர் சிவப்பு நிறமி தயாரிக்க முயன்றார். அவர் கடன் வாங்கிய பொட்டாஷ் விலங்குப் பொருளிலிருந்து எடுத்த எண்ணெயால் கெட்டிருந்தது. சிவப்புக்குப் பதில் ஆழ்ந்த நீலம் வந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க 1752இல் பியேர் மக்கே என்ற பிரெஞ்சு வேதியியலர் அந்த நீலத்தைக் காரத்தில் கொதிக்க வைத்தார். நீலம் போனது. அடியில் துருப்போன்ற இரும்பு தங்கியது. மேலே இருந்த திரவத்தில் வேறொரு உப்பு கரைந்திருந்தது. அந்தத் திரவத்தோடு இரும்பைச் சேர்த்தபோது நீலம் மறுபடி வந்தது. ஹெர்ஷலுக்கு 90 ஆண்டுகளுக்கு முன்பே டோனிங்கின் முதல் பாதி செய்து காட்டப்பட்டுவிட்டது. அப்போது அதை ஏற்றிப் பார்க்க ஒளிப்படம் என்ற ஒன்றுதான் இல்லை.

மக்கே கண்டதை இன்றைய மொழியில் எண்ணிக்கையாகவே சொல்லலாம். பிரஷ்ய நீலத்தின் ஒரு அலகில் ஏழு இரும்பு அணுக்கள். அவற்றில் மூன்று, ஒவ்வொன்றும் ஆறு சயனைடுகளால் இறுகச் சூழப்பட்டவை. மற்ற நான்கும் அவற்றுக்கு இடையே நின்று அமைப்பைப் பிணைப்பவை. இந்த இரண்டு வகை இரும்புக்கும் இடையே எலக்ட்ரான் தாவும்போது சிவப்பு, ஆரஞ்சு ஒளி உறிஞ்சப்படுகிறது. மிச்சம் கண்ணுக்கு வருவது நீலம். சலவைச் சோடாக் கரைசலில் படத்தைப் போட்டால் வெளியே நிற்கும் நான்கும் ஹைட்ராக்சைடைப் பற்றிக்கொண்டு தாளின் நாரிலேயே படிந்துவிடும். சயனைடு சூழ்ந்த மூன்றும் பெர்ரோசயனைடாகத் தண்ணீரோடு போய்விடும். அமைப்பு கலைந்தால் தாவலும் இல்லை, நீலமும் இல்லை. தாளில் இளமஞ்சளாக ஒரு நிழல் மட்டும் தெரியும்.

ஏழில் நான்கு மிஞ்சுகிறது என்ற கணக்குக்குச் செய்முறையில் பயன் உண்டு. டோன் செய்யப்போகும் படத்தை வழக்கத்தைவிட அதிக நேரம் வெயிலில் வைத்து, வேண்டியதைவிட அடர்த்தியாக எடுத்துக்கொள்ள வேண்டும். வெளிறிய நீலப் படத்திலிருந்து ஆழ்ந்த கறுப்பு வராது.

இதே வேதிவினை மேலைநாட்டுக் குடும்பங்களை ஒரு காலத்தில் வேறு வகையில் படுத்தியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே துணிக்குப் போடும் நீலம் சிலவற்றில் பிரஷ்ய நீலம் இருந்தது. சோப்பை நன்றாக அலசாமல் நீலத்தில் முக்கினால், சோப்பின் காரம் அதைக் குலைத்து வெள்ளைத் துணியில் துருக்கறை விட்டுவிடும். இன்று நம் வீடுகளில் இருக்கும் சொட்டு நீலம் வேறு வகைச் சாயம், அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

துவர்ப்பு

தாளில் மஞ்சளாக நிற்கும் இரும்புக்கு இப்போது ஒரு புதுக் கூட்டாளி வேண்டும். அதை அடையாளம் காட்ட நம் நாக்கே போதும். கடுக்காய், பாக்கு, மாதுளைத் தோல், நாவல்கொட்டை, நெல்லிக்காய், பால் விடாத தேநீர் ஆகிய எல்லாவற்றிலும் துவர்ப்பு உண்டு. அந்தத் துவர்ப்பைக் கொடுப்பவை டானின்கள். எச்சிலில் உள்ள புரதங்களை அவை பிடித்துத் திரட்டுவதால்தான் நாக்கு வறண்டு இழுப்பதுபோல் இருக்கிறது. டானின் மூலக்கூறில் அடுத்தடுத்து இரண்டு மூன்று ஹைட்ராக்சில் தொகுதிகள் இருக்கும். இரும்பு அவற்றுக்கு இடையே வந்து மாட்டிக்கொண்டால் கருநிறச் சேர்மம் உருவாகும். இரும்பு அரிவாள்மனையில் நெல்லிக்காய் நறுக்கினால் வெட்டுவாய் கறுப்பதும், தலைக்குப் போடும் மருதாணி விழுதை இரும்பு வாணலியில் இரவு முழுக்க ஊற வைப்பதும் இந்தச் சேர்க்கையால்தான். ஒரு விலக்கு உண்டு. படிகாரமும் துவர்க்கும், ஆனால் அதில் டானின் கிடையாது. அது டோன் செய்யாது.

டானின்களில் இரண்டு பெரும் வகை. கடுக்காயிலும் மாதுளைத் தோலிலும் உள்ளவை நீரால் பிளக்கக்கூடியவை. இரும்போடு சேர்ந்தால் நீலம் பாய்ந்த கறுப்பு தரும். ஆவாரம் பட்டையிலும் கருவேலம் பட்டையிலும் உள்ளவை சுருங்கிப் பிணைந்தவை. அவை தருவது பச்சையோ பழுப்போ பாய்ந்த கறுப்பு. தாவர வேதியியல் ஆய்வகங்களில் டானின் வகையைக் கண்டுபிடிக்க இன்றும் இரும்பு உப்பு ஒரு சொட்டு விட்டு நிறம் பார்க்கிறார்கள். நம் சயனோடைப் தாளும் அதே சோதனைத்தாள்தான். தேயிலையில் இரண்டின் குணமும் கலந்திருப்பதால் அது கொஞ்சம் ஊதா கலந்த பழுப்புக் கறுப்பில் நிற்கும்.

காய்ந்த கடுக்காயில் சுமார் 30 சதவீதம் டானின். ஆவாரம் பட்டையில் 20 சதவீதத்தை ஒட்டி. இந்த எண்களை ஆய்வகம் வருவதற்கு முன்பே தொழில் அறிந்திருந்தது. சென்னை மாகாணத்தின் பதனிட்ட தோல் 19ஆம் நூற்றாண்டில் கப்பல் கப்பலாக ஏற்றுமதி ஆனபோது, அதைப் பதனிட்டது ஆவாரம் பட்டைதான். கடைசியில் கடுக்காய் ஊறலில் போட்டு நிறத்தைத் தெளிவாக்கினார்கள். மதுரைக்கு வடக்கே திண்டுக்கல்லில் தோல் தொழில் வேர்பிடித்த கதையில் மஞ்சள்பூச் செடியான ஆவாரைக்கும் பங்கு இருக்கிறது.

இரும்பையும் கடுக்காயையும் சேர்த்து எழுதும் கலைக்கோ இன்னும் நீண்ட பரம்பரை. தஞ்சைப் பகுதியின் கருப்பூர், சிக்கல்நாயக்கன்பேட்டை ஊர்களின் கலம்காரித் துணிகளைக் கோயில்களில் உருளை வடிவத் தொம்பையாகவும் விதானமான அஸ்மானகிரியாகவும் தொங்கக் காணலாம். கருப்பூர்க் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கலம்காரி முறையில் துணியை முதலில் கடுக்காயிலும் பாலிலும் ஊற வைத்துக் காய வைக்கிறார்கள். இன்னொரு பக்கம் துருப்பிடித்த இரும்புத் துண்டுகள் வெல்லத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறும். வெல்லம் புளித்து அமிலமாகி இரும்பைக் கரைக்கும். அந்தக் கரைசலைத் தொட்டுத் துணியில் கோடு இழுத்தால், பட்ட இடம் கறுப்பாகும். சயனோடைப் டோனிங் இதைத் தலைகீழாக்கிச் செய்வது. கலம்காரியில் துவர்ப்பு துணியில் காத்திருக்கும், இரும்பு வந்து எழுதும். இங்கே வெயில் எழுதிவைத்த இரும்பு காத்திருக்கும், துவர்ப்பு வந்து சேரும்.

ஐரோப்பியர்களும் இந்த வழிக்கு வந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில், நீலத் தாளில் வெள்ளைக் கோடு பிடிக்காத பொறியாளர்களுக்காக, வெள்ளைத் தாளில் கருங்கோடு விழும் இரும்பு–காலிக் அமில முறை ஒன்று புழக்கத்தில் இருந்தது. அவர்கள் துவர்ப்பை எடுத்தது ஓக் மரத்தின் பூச்சிக்காயிலிருந்து.

அலமாரியைப் பிரித்து அடுக்குதல்

வீட்டுப் பொருள் எது கிடைத்தாலும் அதனிடம் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும்: இது இரும்பை என்ன செய்யும்? பதிலைப் பொறுத்து நான்கு தட்டுகளில் அடுக்கலாம்.

முதல் தட்டு, நீலத்தைக் குலைப்பவை. சலவைச் சோடா எல்லாவற்றிலும் நம்பகமானது. சமையல் சோடா மிக மெதுவானது. கொஞ்சமாக வெளுக்க வேண்டுமானால் அதுவே வசதி. வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவிட்ட தண்ணீர் வேகமாக வேலை செய்யும், ஆனால் காய்ந்ததும் தாளில் வெள்ளைப் பொருக்கு விட்டுவிடும். துணி வெளுப்பவர்கள் முன்பு பயன்படுத்திய உவர்மண்ணில் இருப்பதும் சோடாதான். சலவைத்தூள் வேண்டாம். அதில் சோடாவோடு வெண்மை கூட்டும் வேதிப்பொருள்களும் இருக்கும், அவை தாளில் தங்கிவிடும்.

இரண்டாம் தட்டு, நீலத்தைக் காப்பவை. எலுமிச்சை, வினிகர், சிட்ரிக் அமிலம். இவற்றோடு மருந்துக் கடையில் புண் கழுவ விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் சேர்த்துக்கொள்ளலாம். கழுவும் தண்ணீரில் ஒரு மூடி விட்டால் நீலம் கண்முன்னே கருநீலமாக ஆழும். காற்று ஒரு நாளில் மெதுவாகச் செய்வதை அது நொடியில் செய்கிறது, அவ்வளவுதான். கடைசி அடர்த்தி இரண்டிலும் ஒன்றே.

மூன்றாம் தட்டு, துவர்ப்புப் பொருள்கள். கடுக்காய், மாதுளைத் தோல், தேயிலைத் தூள், நெல்லிப்பொடி, ஆவாரம் பட்டை, கருவேலம் பட்டை, பாக்கு. காபியும் இங்கே வரும். அதில் டானின் குறைவு, ஆனால் குளோரோஜெனிக் அமிலம் என்ற சேர்மம் இரும்பைப் பற்றிக்கொள்ளும். சிக்கரி கலந்த ஃபில்டர் காபி, இரும்போடு சேர்வதைவிடத் தாளைப் பழுப்பாக்குவதில் கெட்டி.

நான்காம் தட்டு, வெறும் சாயங்கள். பீட்ரூட், செம்பருத்தி, மஞ்சள். மஞ்சள் சோடாவில் பட்டால் சிவக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த ஆரத்தித் தண்ணீரில் நாம் பார்க்கும் சிவப்பு அது. பார்க்க அழகு, ஆனால் வெளிச்சத்தில் நிற்காது. படத்தின் நிழலுக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் பார்க்காமல் தாள் முழுவதும் ஏறும். டோனிங் என்று தேடும்போது கிடைக்கும் பல குறிப்புகள் இந்தத் தட்டை மூன்றாம் தட்டோடு கலந்துவிடுகின்றன.

செய்முறை

படத்தைக் கழுவி, காய வைத்து, ஒரு நாள் விட்டுப் பிறகு தொடங்குவது நல்லது. பருத்திக்கூழில் செய்த கனமான தாள் தேவை. பல முறை நனைந்தாலும் அது கிழியாது. சுண்ணாம்புத்தூள் சேர்த்துச் செய்த தாள்கள் தாங்களே காரத்தன்மை உடையவை என்பதால் நீலத்தை உள்ளிருந்தே தின்னும்.

துவர்ப்புக் கஷாயத்தை முதலில் தயார் செய்ய வேண்டும். கொட்டை நீக்கிய கடுக்காயை ஒன்றிரண்டாக இடித்து, கைப்பிடி அளவு எடுத்து, அரை லிட்டர் தண்ணீரில் கொதிக்க வைத்து, ஆறவிட்டுத் துணியில் வடிகட்டலாம். தேயிலை என்றால் இரண்டு மேசைக்கரண்டித் தூள். பாத்திரம் எவர்சில்வரோ கண்ணாடியோ இருக்கட்டும். இரும்புச் சட்டியில் காய்ச்சினால் கஷாயமே மையாகிவிடும், பிறகு அது தாள் முழுக்கக் கறுப்பேற்றும்.

அடுத்தது வெளுப்பு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி சலவைச் சோடா. படத்தை உள்ளே விட்டு ஆட்டிக்கொண்டே இருங்கள். இளநீலம் முதலில் போகும், அடர் நீலம் ஊதாவாகி, சாம்பலாகி, மஞ்சளுக்கு வரும். எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதில்தான் கைத்திறன். முழுதும் மஞ்சளாகும்வரை விட்டால் பின்னர் ஒரே சீரான கறுப்பு வரும். பாதியில் எடுத்தால் நிழல்களில் நீலம் தங்கும், வெளிச்சப் பகுதிகள் மட்டும் பழுப்பாகும். ஒரே தாளில் இரண்டு நிறம். சமணர் மலையின் பாறைக்குப் பழுப்பும் அதன் இடுக்குகளின் நிழலுக்கு நீலமும் வேண்டுமானால் இந்தப் பாதி வெளுப்பு பொருந்தும்.

பிறகு நல்ல தண்ணீரில் பத்து நிமிடமாவது அலச வேண்டும். இதைத் தவிர்த்தால் இரண்டு கெடுதல். தாளில் மிஞ்சிய பெர்ரோசயனைடு, கஷாயத்தின் லேசான அமிலத்தன்மையில் இரும்போடு மறுபடி சேர்ந்து நீலத்தைத் திரும்ப எழுப்பும். மிஞ்சிய சோடா, டானினைக் காற்றில் பழுப்பாக்கி வெள்ளையைக் கறைப்படுத்தும்.

கடைசியாகத் துவர்ப்பு. கடுக்காய் சில நிமிடங்களிலேயே வேலையைத் தொடங்கிவிடும். தேயிலைக்கு அரை மணி முதல் சில மணி நேரம் வரை. கஷாயம் ஆறியிருப்பதும், வேண்டிய அளவு கறுத்ததும் எடுத்துவிடுவதும் முக்கியம். இரும்பு முழுக்கச் சேர்ந்தபின்னும் ஊறவிட்டால், கூடுவது கறை மட்டுமே. கடுக்காய் எப்படியும் தாளுக்கு இளமஞ்சள் சாயல் கொடுக்கும். கலம்காரித் துணியின் தரையிலும் அதே மஞ்சளைக் காணலாம்.

வரிசையை மாற்றினாலும் நிறம் மாறும். சோடாவே இல்லாமல் தேநீரில் மட்டும் ஊறிய படம் இருண்ட கருநீலமாகும். முதலில் துவர்ப்பு, பிறகு சோடா, மறுபடி துவர்ப்பு என்று போனால் கத்திரிப்பூ நிறம் கலந்த கறுப்பு வருவதுண்டு. ஒரே படத்தைப் பட்டைகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு வரிசையில் போட்டு, ஒன்றை நீலமாகவே ஒதுக்கி வைத்துப் பார்ப்பதுதான் சரியான சோதனை. ஒப்பிட ஒரு நீலம் இல்லாவிட்டால் எது எவ்வளவு மாறியது என்று கண்ணுக்குத் தெரியாது.

தொடக்கூடாதவை

பிரஷ்ய நீலம் தன்னளவில் பாதுகாப்பானது. சயனைடு இரும்போடு அவ்வளவு இறுகப் பிணைந்திருக்கிறது. தாலியம், கதிரியக்கச் சீசியம் உடலுக்குள் போனவர்களுக்கு அதையே மருந்தாகவும் கொடுக்கிறார்கள். ஆனால் அந்தப் பிணைப்பை உடைக்கும் வழியும் உண்டு. 1782இல் கார்ல் ஷீலே பிரஷ்ய நீலத்தை நீர்த்த கந்தக அமிலத்தோடு சூடாக்கி ஹைட்ரஜன் சயனைடைப் பிரித்தெடுத்தார். ஆகவே கழிவறை கழுவும் ஆசிட் இந்த மேசைக்குப் பக்கத்தில்கூட வரக்கூடாது. பிளீச்சிங் பவுடரும் வேண்டாம், குளோரின் சயனைடோடு சேர்ந்து உண்டாக்குபவையும் நஞ்சு. எலுமிச்சையும் வினிகரும் அறை வெப்பத்தில் பயப்பட வேண்டாதவை. அவற்றையும் உப்புகளோடு சேர்த்துச் சூடாக்கக் கூடாது. கையுறை போடுங்கள். பாத்திரங்களைச் சமையலிலிருந்து தனியே வையுங்கள்.

கழுவிய தண்ணீரைத் தாமரைக் குளத்தில் விடக்கூடாது. பெர்ரோசயனைடும் பெர்ரிசயனைடும் வெயில் பட்டால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து சயனைடை விடும். மனிதருக்கு அந்த அளவு பெரிதில்லை என்றாலும் மீனுக்குப் பெரிது. படத்தை மலையடியில் வெயிலில் வைத்தாலும், கழுவுவதை வீட்டில், கழிவுநீர்க் குழாயில் நிறையத் தண்ணீர் விட்டுச் செய்யுங்கள். சிற்பங்களின்மேல் தாளை ஒட்டி வடிவம் எடுக்கும் யோசனையும் வேண்டாம். அவை பாதுகாக்கப்பட்ட சின்னங்கள். கேமரா போதும். ஆவாரம் பட்டைக்கு உயிருள்ள செடியை உரிக்கத் தேவையில்லை, பாதையோரம் வெட்டிப்போட்ட கிளையிலேயே வேண்டிய பட்டை கிடைக்கும்.

எதற்கு எது பகை

டோன் செய்த படம் நீலப் படத்தைவிட உறுதியானதா என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் இல்லை. நீலப் படத்துக்கு ஒரு அபூர்வ குணம் உண்டு. நீண்ட நாள் வெளிச்சத்தில் வெளிறினால், இருட்டில் காற்றுப்பட வைத்தபின் பெருமளவு மீளும். வெளிச்சம் இரும்பை மறுபடி குறைத்து நிறமில்லாத வடிவத்துக்குக் கொண்டுபோகிறது, காற்றின் ஆக்சிஜன் அதைத் திருப்பிக் கொடுக்கிறது. சயனைடு இரும்பு போய்விட்ட டோன் படத்துக்கு இந்த மீட்சி கிடையாது. அதற்குப் பதில் வேறொரு வலிமை கிடைக்கிறது. சுண்ணாம்பு அடித்த சுவரின் ஈரம், காரத்தன்மை உள்ள பசை, சோப்புத் தண்ணீரின் ஒரு தெறிப்பு ஆகியவை நீலத்தில் ஓட்டை போடும். கறுப்பை அவை அவ்வளவு எளிதில் அசைக்காது.

கறுப்பின் பகைவன் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறான். சட்டையில் பட்ட துருக்கறைக்கும் மைக்கறைக்கும் எலுமிச்சையும் உப்பும் தேய்ப்பது வீட்டு வழக்கம். சிட்ரிக் அமிலம் இரும்பை டானினிடமிருந்து பிடுங்கிக் கரைத்துக்கொள்ளும் என்பதுதான் அதன் வேதியியல். டோன் செய்த படத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் அந்த இடம் வெளிறும். நீலத்தைக் காத்த அதே எலுமிச்சை கறுப்பைக் கொல்லும். நீலத்தைக் கொன்ற சோடாவுக்குக் கறுப்பு பெரிதாக மசியாது.

அதனால் ஒவ்வொரு படத்தின் பின்புறமும் மூன்று விவரங்களைப் பென்சிலால் எழுதி வையுங்கள்: வெளுத்தது எதில், துவர்ப்பு எது, எவ்வளவு நேரம். இருபது ஆண்டு கழித்து அந்தப் படத்தில் பூசணமோ கறையோ கண்டு சுத்தம் செய்ய எடுப்பவருக்கு, முன்பக்கத்து அழகைவிட அந்தப் பென்சில் வரிதான் உதவும். தாளில் இருப்பது எந்தக் கூட்டாளியோடு சேர்ந்த இரும்பு என்று தெரிந்தால்தான், எதைக் கிட்டே விடக்கூடாது என்பது அவருக்குத் தெரியும்.